கப்பலேறி வந்த வேலி

நானுஓயாவை விட்டு ஏறும் பதுளை ரயில் அம்பேவெலப் புல்வெளிகளைக் கடக்கும்போது பெட்டிக்குள் இருப்பவர்கள் எல்லோரும் சன்னல் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். கறுப்பும் வெள்ளையுமாகப் பசுக்கள், கம்பி வேலி, சரிந்து போகும் பச்சை. பட்டிப்பொலவைத் தாண்டியதும் 1,898 மீற்றர் உயரத்தில் இலங்கை ரயில் பாதையின் உச்சி. அடுத்து ஒரு சுரங்கம். உள்ளே நுழையும்போது மூடுபனி, வெளியே வரும்போது பல நாட்களில் பளீரென்ற வெயில். சுரங்கத்தின் அந்தப் பக்கம் ஊவா.

ஒஹிய, இதல்கஸ்ஹின்ன, ஹப்புத்தளை என்று ரயில் மலைமுகட்டின் விளிம்பிலேயே ஓடுகிறது. வலப்பக்கம் தெற்குச் சமவெளி கண்ணுக்கெட்டிய தூரம் விழுந்து கிடக்கிறது. இடப்பக்கம் வெலிமடை வரை விரியும் ஊவாப் படுகை. ஹப்புத்தளையிலிருந்து தெமோதரை வரை சன்னலோரம் இடம் கிடைத்தவருக்கு இந்தச் சரிவுகளில் ஓர் அடுக்கு தெரியும். உச்சியில் மிச்சமிருக்கும் காடு, அல்லது யூக்கலிப்டஸ். அதற்குக் கீழே தேயிலை. தேயிலைக்கு நடுவே தொழிலாளர்களின் தகரக் கூரை லயங்கள். இன்னும் கீழே பலாவும் கித்துளும் கமுகும் நிற்கும் சிங்களக் கிராமத்து வீட்டுத் தோட்டங்கள். அடியில், ஓடைக்கரையை ஒட்டிப் படிப்படியாக வெட்டிய வயல்கள்.

இந்த அடுக்கைச் செய்தது மழையோ மண்ணோ அல்ல. 1840இல் கொழும்பில் இயற்றப்பட்ட ஒரு சட்டமும், அதன் வழியே வந்த மூன்று பயிர்களும்தான். அந்தச் சட்டத்தின் வேரைத் தேடினால் அது இங்கிலாந்தின் கிராமங்களுக்குப் போய்ச் சேர்கிறது.

பதினாறாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பல கிராமங்களில் பயிர்நிலம் வேலியில்லாத பெருவெளியாகவே இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் அங்கொன்றும் இங்கொன்றுமாக நீளத் துண்டுகள். அறுவடை முடிந்ததும் ஊர் மாடுகள் அத்தனையும் அதில் மேயும். ஊரைச் சுற்றிப் பொதுநிலம். விறகும் மேய்ச்சலும் அங்கேதான். கம்பளிக்கு விலை ஏறியதும் நிலவுடைமையாளர்கள் வேலி போட்டு ஆடு வளர்க்கத் தொடங்கினார்கள். 1516இல் வெளியான ‘உட்டோப்பியா’ நூலில் தோமஸ் மோர் இதைக் கடுமையாகக் கண்டித்தார். 1549இல் நோர்போக்கில் ரொபட் கெட் தலைமையில் திரண்ட மக்கள் வேலிகளைப் பிடுங்கி எறிந்தார்கள், கெட் தூக்கிலிடப்பட்டார். வேலி நின்றது. 1604க்கும் 1914க்கும் இடையில் பிரித்தானியப் பாராளுமன்றம் 5,200க்கு மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை நிறைவேற்றியது. அவற்றால் வேலிக்குள் போன நிலம் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கு. சந்தைக்காகப் பயிர் செய்யும் விவசாயமும், நிலமில்லாமல் கூலிக்குப் போகும் குடும்பமும் ஒன்றாகவே வளர்ந்தன.

அதே மண்ணில் இன்னொன்றும் நடந்தது. நோர்போக் விவசாயிகள் கோதுமை, டர்னிப் கிழங்கு, பார்லி, கிளோவர் என்று நான்காண்டுச் சுழற்சியைக் கைக்கொண்டார்கள். கிளோவர் அவரைக் குடும்பத்துச் செடி. அதன் வேர் முடிச்சுகள் காற்றின் நைதரசனை மண்ணுக்குக் கொடுக்கும். டர்னிப்பையும் கிளோவரையும் தின்ற மாடுகள் குளிர்காலத்தைத் தாண்டின. அவற்றின் எரு வயலுக்குத் திரும்பியது, தரிசாகப் போடவேண்டிய நிலம் குறைந்தது. ஹோல்கம் பண்ணையின் தோமஸ் கோக் போன்ற நிலவுடைமையாளர்கள் 21 ஆண்டுக் குத்தகை எழுதிக் கொடுத்தார்கள். அவ்வளவு நீண்ட உரிமை கையில் இருந்ததால் குத்தகைக்காரர் தன் பணத்தைப் போட்டு மண்ணைத் திருத்தினார். திருத்திய பலன் தனக்கே வரும் என்ற உறுதி அவருக்கு இருந்தது.

ஆக இரண்டு பாதிகள். ஒன்று வேலி, மற்றது மண்ணைப் பேணும் முறையும் உழுபவனுக்கு எழுத்தில் ஓர் உறுதியும். ஊவாவுக்குக் கப்பலேறி வந்தது முதல் பாதி மட்டும்தான்.

இரண்டாம் பாதியையும் மலைநாட்டுக்குக் கொண்டுவர ஒருவர் முயன்றதுண்டு. பிற்காலத்தில் நைல் நதிப் பயணங்களால் புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர் 1848இல் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலப் பண்ணையை அப்படியே நடப் பார்த்தார். டர்ஹம் இனப் பசு, செம்மறிகள், கலப்பைகள், கொல்லர், பண்ணை மேற்பார்வையாளர் எல்லாம் இங்கிலாந்திலிருந்து வந்து இறங்கின. கலப்பை இழுக்க யானை பூட்டப்பட்டது. உருளைக்கிழங்கைப் புழு தின்றது, கால்நடைகள் நோயில் விழுந்தன. 1855இல் பேக்கர் நாடு திரும்பினார். அந்த நேரத்தில் மலைநாட்டில் பணம் பண்ணியவர்கள் கலப்பையைத் தொடவே இல்லை. அவர்கள் காட்டை எரித்துக் கோப்பி நட்டுக்கொண்டிருந்தார்கள்.

பதுளை நகரத்தில் அந்தக் காலத்தின் அடையாளம் ஒன்று நின்றுகொண்டிருக்கிறது. முதியங்கணை விகாரையின் நகரத்தில், 1857இல் எழுந்த சென் மார்க்ஸ் தேவாலயம். மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் நினைவாகக் கட்டியது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ரொஜர்ஸ் வீதிகள் அமைத்தார். 1,400 யானைகளைச் சுட்டுக் கொன்றதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார். வீதி போடுவதும் யானையை ஒழிப்பதும் அன்றைய நிர்வாகத்துக்கு ஒரே வேலையின் இரு பக்கங்கள். காடு தோட்டமாக வேண்டியிருந்தது.

அதற்கு முன்பே ஊவா ஒரு தடவை எரிந்திருந்தது. 1817–18 ஊவா–வெல்லஸ்ஸ கிளர்ச்சியை ஒடுக்க வந்த படைகள் வீடுகளையும் நெல்லையும் கொளுத்தின, கால்நடைகளை அழித்தன. கிளர்ச்சியாளர் பக்கம் சேர்ந்த ஊவாவின் திசாவ கெப்பெட்டிபொல 1818 நவம்பரில் கண்டியில் சிரச்சேதம் செய்யப்பட்டார். வயலும் வாய்க்காலும் இழந்த அந்தக் கிராமங்கள் தலை நிமிர்வதற்குள் 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் வந்தது. காடு, தரிசு, ஆளில்லாத, பயிரிடாத நிலம் எதுவானாலும், வேறு விதமாக நிரூபிக்கப்படும்வரை முடிக்குச் சொந்தம் என்றது அது. கண்டிப் பிரதேசங்களில் சேனை நிலத்துக்கு உரிமை கோருபவர் அரசர் கொடுத்த சன்னஸ் பட்டயத்தையோ வரி கட்டிய சான்றையோ காட்ட வேண்டும். தலைமுறைகளாக எரித்து, குரக்கன் விதைத்து, சில ஆண்டு ஆறப்போட்டு, மறுபடி வந்து விதைத்த மலைச்சரிவுக்குக் கிராமத்தான் எந்தப் பட்டயத்தைக் காட்டுவான்? 1844இல் விலை உயரும் வரை அந்த நிலம் ஏக்கருக்கு ஐந்து சிலிங் என்று விற்கப்பட்டது. வாங்கியவர்களில் அரசாங்க அதிகாரிகளும் படை அதிகாரிகளும் நிறையப் பேர்.

இங்கிலாந்தில் வேலி போட முந்நூறு ஆண்டுகள் பிடித்தன. ஊவாவில் ஒரு மனிதனின் ஆயுளுக்குள் முடிந்தது. சேனை போனதோடு காட்டின் விறகும், எருமை மேய்ந்த பத்தனைப் புல்வெளியும் கைவிட்டுப் போகத் தொடங்கின. எல்லை தாண்டித் தோட்டத்துக்குள் கால்வைத்த மாட்டைப் பிடித்துக் கட்டித் தண்டம் வாங்குவது வழக்கமாயிற்று. எருமை குறைந்தால் வயலை மிதித்துச் சேறாக்க வழியில்லை. வயலை நம்பியிருந்த கிராமத்துக்கு அது நேரடியான அடி.

நீரிலும் அப்படித்தான். பழைய ஊர்க்கட்டுப்பாட்டில் யார் எப்போது வாய்க்கால் திருத்த வேண்டும், யார் வயலுக்கு முதலில் தண்ணீர் என்பதெல்லாம் முறைப்படி நடந்தன. ஊழியக் கடமையான இராஜகாரிய முறையை 1832இல் ஒழித்தபோது அந்தக் கட்டுப்பாட்டுக்கு மாற்றாக எதையும் வைக்கவில்லை. வாய்க்கால்கள் தூர்ந்தன. 1850களில் பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த ஜோன் பெய்லி இந்தச் சீரழிவை விரிவாக எழுதி அனுப்பினார். அதன் பின்னர்தான், ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், பழைய ஊர்வழக்கத்துக்குச் சட்ட வலு கொடுத்து 1856இல் நீர்ப்பாசனச் சட்டம் வந்தது. ஆனால் நெல் மீதான வரி தொடர்ந்தது. 1880களில் அந்த வரியைக் கட்டமுடியாமல் மலைநாட்டில் ஏராளமானோர் வயலையே இழந்தார்கள். 1892இல்தான் அது ஒழிந்தது.

கிராமத்தவர் சந்தைக்குப் பயந்தவர்கள் என்று தோட்டக்காரர்கள் எழுதி வைத்தது பொய். வீட்டுத் தோட்டத்து நிழலில் அவர்கள் வளர்த்த கோப்பி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி ஏற்றுமதியில் கணிசமான பங்கு. பலா நிழலில் மிளகும் கோப்பியும் வாழையும் கலந்து நின்ற அந்தத் தோட்டத்தில்தான் நோர்போக்குக்கு ஈடான மண்ணறிவு இருந்தது. அதை யாரும் வளர்த்தெடுக்கவில்லை.

தோட்டத்தில் கூலிக்கு வர ஊவாக் கிராமத்தவர் பெரும்பாலும் மறுத்தார்கள். கீழே கொஞ்சமாவது வயல் இருந்தது. இங்கேதான் இங்கிலாந்தின் கதையும் ஊவாவின் கதையும் பிரிகின்றன. அங்கே வேலியால் நிலமிழந்தவனே கூலியாளானான். இங்கே நிலமிழந்தவன் கிராமத்திலேயே இருந்தான். கூலியாள் கடல் கடந்து வந்தான். பஞ்சத்திலும் கடனிலும் வாடிய தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் சேர்த்தார்கள். தோணியில் மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதைக் காட்டின் ஊடே நடந்து, மாத்தளை வழியாக மலையேறினார்கள். வழியில் கொலராவுக்கும் பசிக்கும் பலியானவர்கள் பல்லாயிரம்.

பதுளையிலிருந்து பசறை வழியாக மடுல்சீமைக்கு ஏறும் பஸ் பாதை ஊவாவிலேயே அழகானவற்றுள் ஒன்று. ஒவ்வொரு திருப்பத்திலும் நமுனுகுலை மலை ஒருமுறை தெரிந்து மறைகிறது. பாதை முழுக்கத் தேயிலை. இங்கே ஒரு காலத்தில் நின்றது முழுக்கக் கோப்பி என்று சொன்னால் நம்புவது கடினம். 1869இல் இந்த மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி படிந்திருப்பதை முதன்முதலில் கண்டார்கள். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் துவைட்ஸ் அதை இங்கிலாந்துக்கு அனுப்ப, பார்க்லி என்ற பூஞ்சணவியலாளர் ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். விலை ஏறிக்கொண்டிருந்த காலம் அது. விளைச்சல் குறையக் குறையத் தோட்டக்காரர்கள் இன்னும் காட்டை வெட்டி இன்னும் கோப்பி நட்டார்கள். 1878இல் கோப்பி 275,000 ஏக்கர் வரை பரவியது. அடுத்த பத்தாண்டுகளில் அது இருந்த இடம் தெரியாமல் போயிற்று.

1880இல் வந்த இளம் தாவரவியலாளர் ஹரி மார்ஷல் வார்ட், பூஞ்சணத்தின் வித்துக்கள் காற்றில் பரவுவதைக் கண்டுபிடித்தார். மலைக்கு மலை இடைவெளியே இல்லாமல் ஒரே பயிர் நின்றதுதான் அந்தக் காற்றுக்கு வழிவிட்டது என்பது அவர் காட்டிய உண்மை. சுழற்சிப் பயிரால் தன் மண்ணை வளமாக்கிய நாட்டின் மூலதனம், இங்கே ஒற்றைப் பயிரில் எல்லாவற்றையும் வைத்துத் தோற்றது. மடுல்சீமைக்குப் போகிறவர்கள் மினி உலக முடிவு என்ற மலைவிளிம்பைப் பார்த்துப் படம் பிடித்துத் திரும்புகிறார்கள். உலகக் கோப்பி வணிகத்தையே பிரேசில் பக்கம் சாய்க்க உதவிய ஒரு நோய் முதலில் தென்பட்ட இடம் அது என்பதற்கு அங்கே ஒரு பலகையாவது இருக்க வேண்டும்.

கோப்பிக்குப் பின் சிங்கோனா. அது சில ஆண்டுகளில் விலை வீழ்ந்து ஓய்ந்தது. பின்னர் தேயிலை. 1875இல் இலங்கை முழுவதும் ஏறத்தாழ ஆயிரம் ஏக்கராக இருந்த தேயிலை 1890களின் நடுவில் மூன்று இலட்சம் ஏக்கரைத் தொட்டது. வேலியும் துரையும் கங்காணியும் அப்படியே இருக்க, பயிர் மட்டும் மாறிற்று என்று தோன்றலாம். மாறியது மனித வாழ்க்கை. கோப்பிப் பழம் பறிப்பது பருவ வேலை. முடிந்ததும் ஊர் திரும்பலாம். தேயிலைக் கொழுந்தோ ஏழெட்டு நாளுக்கொருமுறை வருடம் முழுக்கத் துளிர்க்கும். பெண்களின் கை வருடம் முழுக்க வேண்டும். குடும்பமாக வந்தார்கள், குடும்பமாக லயத்தில் தங்கினார்கள், அங்கேயே பிறந்தார்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகக் கடன் தொகை எழுதிய ‘துண்டு’ வேண்டும். அந்தக் கடனைப் புதுத் தோட்டம் கட்டினால்தான் ஆள் விடுபடலாம். இந்த முறை 1921 வரை இருந்தது.

ஹப்புத்தளையிலிருந்து டம்பேதன்னைக்குப் போகும் சிறு வீதியில் காலை ஏழு மணிக்கே பெரட்டுக் களம் கலைந்து பெண்கள் மலைக்குப் போகிறார்கள். இடுப்பில் படங்கு, தலைக்கயிற்றில் கூடை. 1890இல் தோமஸ் லிப்டன் வாங்கிய தோட்டம் இது. அவர் உட்கார்ந்து பார்த்த இடம் என்று சொல்லப்படும் முனைக்கு வெளிநாட்டுப் பயணிகள் முச்சக்கர வண்டியில் ஏறுகிறார்கள். இடைத்தரகரை நீக்கி, தோட்டத்திலிருந்து நேரே தேநீர்ப் பாத்திரத்துக்கு என்று லிப்டன் விளம்பரம் செய்தார். விவசாயம் வணிகமாகிவிட்டதன் உச்சம் அது. ஊவா என்ற பெயரே ஒரு விலையாயிற்று. ஜூலை முதல் செப்டம்பர் வரை, மேற்கே மழையைக் கொட்டிவிட்டு மலை தாண்டி வரும் வறண்ட காற்று கொழுந்தை வாட்டும். வாடிய இலையில் ஊறும் அந்தக் குளிர்ந்த மணத்துக்காகத் தேநீர் வணிகர்கள் ஆண்டு முழுவதும் காத்திருக்கிறார்கள். கொழுந்து எடுப்பவருக்கு அதே காற்றில் உதடு வெடிக்கும். கொழுந்து குறைவதால் குறித்த கிலோ சேராது, முழுப் பேர், அதாவது முழு நாட்கூலி, விழாது.

ரயில் 1893இல் ஹப்புத்தளையையும் 1924இல் பதுளையையும் எட்டியது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலத்தில் இன்று நாள்முழுதும் கூட்டம். தெமோதரையில் பாதை வளைந்து இறங்கித் தன் நிலையத்துக்கு அடியிலேயே போகிறது. பொறியியலின் அழகு மறுக்க முடியாதது. தேயிலைப் பெட்டிகளைத் துறைமுகம் சேர்ப்பதற்காகக் கட்டிய அழகு அது.

நூறு ஆண்டு உழைத்தவர்களுக்கு 1948இல் கிடைத்தது குடியுரிமைப் பறிப்பு. 1964 சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கை 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. அந்த ஆண்டுகளின் லய வாழ்க்கையை அறிய விரும்புகிறவர்கள் பதுளை ஊவாகட்டவளையில் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் கதைகளைப் படிக்கலாம். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசுடைமையாக்கின. துரையின் நாற்காலி கை மாறியது. லயத்துக் காணி மாறவில்லை. 1992இல் தோட்டங்கள் மறுபடி கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின, பின்னர் 53 ஆண்டுக் குத்தகையாக. ஆயிரம் ரூபாய் நாட்கூலி 2021இலும் 1,350 ரூபாய் 2024இலும், நெடுங்காலப் போராட்டத்துக்குப் பிறகே வந்தன.

வெலிமடைப் பக்கம் இறங்கினால் வேறொரு காட்சி. அங்கே சிறு விவசாயிகள் நெல்லுக்குப் பின் உருளைக்கிழங்கு, போஞ்சி, கரட் என்று அதே வயலில் மாற்றி மாற்றி நட்டுக் கெப்பெட்டிபொலப் பொருளாதார மையத்துக்கு ஏற்றுகிறார்கள். கடன், உரவிலை, இடைத்தரகர் என்று தொல்லைகள் ஏராளம். 2021இல் இரசாயன உரத்தை ஒரே அறிவிப்பில் தடை செய்தபோது இந்த வயல்களும் தேயிலையும் சேர்ந்தே சுருண்டன. ஆண்டு முடிவதற்குள் தடை விலக்கப்பட்டது. ஆனாலும் எதை நடுவது, எப்போது ஆறப்போடுவது என்று முடிவெடுக்கும் உரிமை வெலிமடை விவசாயியிடம் இருக்கிறது. அவருக்குக் காணி இருக்கிறது.

கொஸ்லந்தைப் பக்கம் மீரியபெத்தையில் அது இல்லாததன் விலை தெரிந்தது. 2014 ஒக்டோபர் 29 காலை, மலை சரிந்து லயங்களை மூடியது. மண்சரிவு அபாயம் உள்ளதென்று முன்பே எச்சரிக்கப்பட்ட இடம் அது. எச்சரிக்கை வந்தால் எங்கே போவது? சொந்தமாக ஓர் அடி நிலமும் இல்லாத குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

இப்போது சில தோட்டங்களில் தேயிலைச் செடிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, பராமரித்துக் கொழுந்தைக் கம்பனிக்கே விற்கச் சொல்லும் ‘வெளியார் உற்பத்தி முறை’ பரவுகிறது. சரியாகச் செய்தால் இதுவே வராமற்போன அந்த இரண்டாம் பாதியின் தொடக்கமாகலாம். இலங்கைத் தேயிலையின் பெரும்பங்கை ஏற்கெனவே சிறுதோட்டக்காரர்கள்தான் விளைவிக்கிறார்கள். ஆகையால் சிறிய கைகளால் முடியாது என்ற வாதம் செல்லாது. ஆனால் நீண்டகால உரிமையை எழுத்தில் கொடுக்காமல் செடியை மட்டும் ஒப்படைத்தால், உரச் செலவும் விலைச் சரிவும் தொழிலாளி தலையில் விழும். மண் கம்பனியிடமே இருக்கும். தொழிலாளி எதற்காக அந்த மண்ணில் தன் பணத்தைப் போட வேண்டும்? நோர்போக் விவசாயிக்கு 21 ஆண்டு உறுதி கொடுத்தார்கள். கம்பனிக்கு 53 ஆண்டு. அந்த மலையைக் காடாக இருந்த நாளிலிருந்து திருத்திய குடும்பத்துக்கு ஏழு பேர்ச், பத்து பேர்ச் வீட்டுத் துண்டுக்கே இன்னும் எல்லோரிடமும் உறுதி இல்லை.

கம்பனிகளின் குத்தகை 2045 அளவில் முடிகிறது. அடுத்ததை எழுதும் பேச்சு அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடும். அந்த மேசையில் தொழிலாளர் பிரதிநிதிகள் நாட்கூலியை மட்டும் பேசிவிட்டு எழுந்து வரக் கூடாது. வீட்டுக்காணியும், பயிரிடும் காணியும், குடும்பத்தின் பெயரில், கொழுந்து எடுக்கும் பெண்ணின் பெயரும் சேர்த்து, உறுதியாக எழுதப்பட வேண்டும்.